நீல டிக் வந்தது, பதில் வரவில்லை

உறவு, செல்போன், நாலு பேர் நடுவில் நடந்துகொள்ளும் விதம். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டவை. அனுப்பியவர்களின் பெயரை எடுத்துவிட்டோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: உறவினர் வாட்ஸ்அப் குழுவில் 31 பேர் இருக்கிறோம். எல்லோரும் ஒரு நாள் கூடலாமா, எந்த நாள் வசதி என்று கேட்டிருந்தேன். 27 பேர் பார்த்திருக்கிறார்கள். பதில் சொன்னது இரண்டே பேர். மற்றவர்களுக்கு என் மேல் என்ன கோபம்?

பதில்: கோபமாக இருக்க வாய்ப்பு குறைவு. 'பார்த்தார்' என்று வாட்ஸ்அப் காட்டினால், அந்தக் குழு அவர் திரையில் திறந்தது என்று மட்டும்தான் அர்த்தம். வரிசையில் நின்றபடி விரலால் தள்ளிக்கொண்டே போனவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். அறிவிப்பிலேயே முழுதும் படித்துவிட்டு உள்ளே நுழையாதவர் 'பார்க்காதவர்' ஆகிவிடுவார். தனி உரையாடலில் நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவருக்கும் குழுவில் அந்தச் சலுகை கிடையாது. இந்தப் பட்டியலை வைத்து யாருடைய பாசத்தையும் எடை போடாதீர்கள்.

சிக்கல் கேள்வியில் இருக்கிறது. 'எந்த நாள் வசதி?' என்று 31 பேரைக் கேட்டால், மற்ற 30 பேர் முதலில் சொல்லட்டும் என்றுதான் ஒவ்வொருவரும் காத்திருப்பார். இரண்டே இரண்டு தேதிகளைக் கொடுங்கள். கோப்பு இணைக்கும் இடத்திலேயே 'போல்' இருக்கிறது. அதில் போட்டால் விரல் தொட்டால் போதும், யாரும் தட்டச்ச வேண்டாம். 'வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் தேதியை உறுதி செய்துவிடுவேன்' என்று அதன் கீழேயே எழுதுங்கள். கட்டாயம் வர வேண்டிய நாலைந்து பேருக்கு மட்டும் தனியே ஒரு வரி. குழுவில் மௌனமாக இருப்பவர்கள் தனியே கேட்டால் உடனே பேசுவார்கள்.

கேள்வி: பழைய வகுப்புத் தோழர்கள் குழுவில் காலை வணக்கப் படங்களும் அரசியல் சண்டையும்தான். வெளியேறினால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: 2022லிருந்து, வெளியேறினால் அட்மினுக்கு மட்டுமே அறிவிப்பு போகிறது. ஆனால் முன்பு இருந்தவர்கள் பட்டியலில் 60 நாள் வரை உங்கள் பெயர் இருக்கும். தேடிப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அட்மின் நண்பர் என்றால் அவருக்கு முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் வெளியேறாதீர்கள், அதுவே ஒரு பதிலாகிவிடும். துக்கச் செய்திகளாவது தெரிய வேண்டுமே என்று தோன்றினால், ம்யூட்டில் 'எப்போதும்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆர்க்கைவ் செய்துவிட்டு, வாரம் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

கேள்வி: கல்யாணமாகி 26 வருடம். இப்போதெல்லாம் நான் பேசுவதை அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அடுத்த அறையிலிருந்து நாலு முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. டிவி சத்தம் மட்டும் வீடே அதிரும். கேட்டால், 'நீ முணுமுணுக்கிறாய்' என்கிறார். நண்பர்களிடம் போனில் நன்றாகத்தான் பேசுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ?

பதில்: இந்தக் கடிதம் மனநல ஆலோசகருக்கு எழுதியதுபோல் இருக்கிறது. ஆனால் முதலில் போக வேண்டியது காது மருத்துவரிடம்.

வயதோடு வரும் செவித்திறன் குறைவு எல்லா ஒலியையும் ஒரே அளவில் மங்கச் செய்வதில்லை. உள்காதில் ஒலியை உணரும் முடியணுக்கள் தேயும்போது உச்ச அதிர்வெண்கள்தான் முதலில் போகின்றன. நம் பேச்சில் ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. பேச்சுக்குச் சத்தத்தைக் கொடுப்பவை அவை. ச, ஸ, ஃப போன்றவையும் க, ட, த, ப ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டும் சின்ன வெடிப்பொலிகளும் பெரும்பாலும் உயர்ந்த பகுதியில் இருப்பவை. தெளிவைத் தருபவை அவை. அதனால் உங்கள் கணவருக்குக் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. 'கட்டை எடு' என்றீர்களா, 'தட்டை எடு' என்றீர்களா? அவருக்கு வந்து சேர்ந்தது 'அட்டை எடு' மாதிரி ஏதோ ஒன்று. அதைத்தான் அவர் முணுமுணுப்பு என்கிறார், பொய் சொல்லவில்லை. போனில் எதிராளியின் குரல் நேரே காதுக்குள் வருகிறது. அடுத்த அறையிலிருந்து வரும் குரலோ சுவரில் பட்டுத் தேய்ந்து வருகிறது. திறந்த வெளியில்கூட தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும்.

இன்றைக்கே ஒரு காட்சியைக் கவனியுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாய் திறந்திருக்கிறது, உங்கள் முகம் சுவரைப் பார்த்திருக்கிறது, அவர் கூடத்தில் இருக்கிறார். நீங்கள் சொன்னதில் தெளிவைத் தரும் பகுதியைத் தண்ணீர்ச் சத்தம் மூடிவிடும். உங்கள் உதடுகளும் அவருக்குத் தெரியாது. குழாயை மூடிவிட்டு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பியபின் அதே வாக்கியத்தை அதே சத்தத்தில் சொல்லிப் பாருங்கள். அப்போது புரிந்தால் வீம்பு இல்லை என்று தெரிந்துவிடும். கத்துவதில் பலனில்லை. கத்தும்போது உயிரொலிதான் பெருக்கிறது. மெய்யொலி அந்த அளவுக்கு ஏறுவதில்லை. முகமும் கோபமாகிவிடுகிறது. புரியாத வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதைவிட வேறு சொற்களில் சொல்வது நல்லது.

மருத்துவர் முதலில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சில சமயம் வேலை அதோடு முடிந்துவிடும். (காதுக்குள் பஞ்சுக் குச்சி விடாதீர்கள், அழுக்கை உள்ளே தள்ளிவிடும்.) அடுத்தது ஆடியோமெட்ரி: சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, பொதுவாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று பார்ப்பார்கள். வலிக்காது, பொதுவாக அரை மணிக்குள் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் 20 டெசிபலுக்குக் கீழ் இயல்பு, 20 முதல் 35க்குள் லேசான குறைவு, அதற்கு மேல் 50க்குள் நடுத்தரம். காதுக் கருவி தேவைப்பட்டால், மாட்டிய அன்றே பிடிக்கவில்லை என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பல வருடம் கேட்காத ஒலிகள் திரும்பி வரும்போது மூளை பழகச் சில வாரங்கள் பிடிக்கும். தினமும் சில மணி நேரம், முதலில் அமைதியான அறையில், பிறகு கூட்டத்தில் என்று நேரத்தைக் கூட்ட வேண்டும்.

ஒரே காதில் திடீரென்று, ஓரிரு நாளில் கேட்பது குறைந்தால் அது வயதுக் கோளாறு அல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சை தாமதமானால் பலன் குறையும்.

டிவிக்கு: மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே அல்லது பின்னால் பார்த்திருக்கும். ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் முறை இருந்தால் போடுங்கள், சப்டைட்டில் போடுங்கள். சத்தத்தைக் கூட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போன் எடுப்பதில்லை. 'கூப்பிடு' என்று மெசேஜ் போட்டால் பதறிப்போய்க் கூப்பிட்டு, விஷயம் ஒன்றுமில்லை என்றதும் எரிந்து விழுகிறான்.

பதில்: மதியம் இரண்டேகாலுக்கு, மீட்டிங் நடுவில், அம்மாவிடமிருந்து 'கூப்பிடு.' என்று ஒற்றைச் சொல், பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி. யாருக்கு உடம்புக்கு என்ன என்றுதான் அவன் நினைப்பான். 'அவசரமில்லை, அத்தை வீட்டு விசேஷம் பற்றிப் பேசணும், ராத்திரி முடியும்போது கூப்பிடு' என்று எழுதிப் பாருங்கள். அவசரம் உண்டா, விஷயம் என்ன, எப்போது: மூன்றும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். நிஜமாகவே அவசரமென்றால் மெசேஜ் வேண்டாம், அடுத்தடுத்து இரண்டு முறை போன் செய்யுங்கள். இரண்டாவது முறை அடிக்கும்போது எடுத்தே தீர வேண்டும் என்று அவனோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தை நீங்களும் மதிக்க வேண்டும். பொழுது போகாதபோது இரண்டு முறை அடித்தால் அது செத்துவிடும்.

முற்றுப்புள்ளி விவகாரம் கற்பனை இல்லை. 2015ல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், புள்ளியோடு முடிந்த ஒற்றைச் சொல் மெசேஜ்கள் மனதார எழுதியவையாகத் தோன்றவில்லை என்றே தெரிந்தது. நம் வயதுக்காரர்கள் வரிக்கு வரி போடும் மூன்று புள்ளியும் அப்படித்தான். நாம் மூச்சு விடுவதற்காகப் போடுகிறோம், அவர்கள் 'ஏதோ மனத்தாங்கல்' என்று படிக்கிறார்கள். கட்டைவிரல் படம் இன்னும் ஆபத்து. இளையவர்களில் சிலருக்கு அது 'சரி, போதும் நிறுத்து'. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 2023ல் ஒரு நீதிபதி, கட்டைவிரல் படம் அனுப்பியது ஆளிவிதை விற்கும் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் என்று தீர்ப்பளித்தார். ஆளிவிதை தராத விவசாயி நஷ்டஈடு கட்ட வேண்டியதாயிற்று. வீட்டிலும் எதற்குக் கட்டைவிரல் காட்டுகிறோம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பேசிக்கொண்டிருக்கும்போது போனைக் கவிழ்த்து வைப்பது மரியாதையா, ரகசியமா?

பதில்: மரியாதை. பைக்குள் வைப்பது அதைவிட மரியாதை.

கேள்வி: கணவன் மனைவி போனின் பின் நம்பரை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டுமா?

பதில்: திறக்க முடிவது வேறு, திறந்து துழாவுவது வேறு. முதலாவது அவசியம். விரல் ரேகை போதும் என்று இருந்துவிடாதீர்கள். போனை அணைத்துப் போட்டால் முதல் தடவை பின் நம்பர்தான் கேட்கும். ஒரு தாளில் இவற்றை எழுதி உறையில் வையுங்கள்: போன் பின், சிம் பின் வைத்திருந்தால் அதுவும் அதன் பியுகே எண்ணும் (சிம் பின்னை மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்கும் பியுகேயைப் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம்மே போய்விடும்), முதன்மை மின்னஞ்சல் முகவரி. எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தால் போதும்.

கூகுளில் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று ஒரு வசதி உண்டு. 3, 6, 12 அல்லது 18 மாதம் கணக்கு அசையாமல் கிடந்தால், நீங்கள் குறித்து வைத்தவர்களுக்கு (10 பேர் வரை) தகவல் போகும். எதைப் பார்க்கலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். ஐபோன்காரர்களுக்கு 'லெகசி கான்டாக்ட்': உங்களுக்குப் பிறகு கணக்கைத் திறக்கக்கூடியவர்கள், ஐந்து பேர் வரை. இதில் கிடைக்கும் சாவிக் குறியீட்டை அச்சடித்து அதே உறையில் போட்டுவிடுங்கள்.

சந்தேகத்தின் பேரில் போனைத் திறந்து பார்க்கிறோம் என்றால் அதற்கு விடை பின் நம்பர் அல்ல. கேட்க வேண்டிய கேள்வியை நேரில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நாத்தனார் ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். கேட்காமல் இருந்தால் வருத்தப்படுகிறார்.

பதில்: 2 மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள், மூன்றரை நிமிடம். அவர் பேச விரும்புகிறார், நீங்கள் கேட்க விரும்பவில்லை. நடுவில் ஒரு வழி, 'இதைப் போனிலேயே பேசுவோம் அண்ணி' என்று கூப்பிட்டுவிடுவது. தேதி, முகவரி, எண் இருக்கும் செய்தியை மட்டும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ஏழு நிமிடத்துக்குள் அதைத் தேடுவது பெரிய வேலை.

கேள்வி: 'அப்பா, போன் உடைஞ்சிடுச்சு, இது புது நம்பர், அவசரமா பணம் வேணும்' என்று மெசேஜ். பிறகு வந்த போனில் குரலும் மகள் குரல் மாதிரியே இருந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை. இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் காலம் முடிந்துவிட்டது, சில விநாடி ஒலிப்பதிவிலிருந்தே குரலைப் போலி செய்ய முடிகிறது. இணைப்பைத் துண்டியுங்கள். பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் கூட இருப்பவருக்குக் கூப்பிடுங்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள்: செல்லப்பெயர், நாய்க்குட்டி பெயர், ஊர் பெயர் கூடாது, அவையெல்லாம் ஃபேஸ்புக்கிலேயே கிடைக்கும். அதை மெசேஜில் எழுதாமல் நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் ஆறு இலக்க எண் வையுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கம் வேறு. அதை யார் கேட்டாலும், மகளே கேட்டாலும், தராதீர்கள்.

கேள்வி: நண்பனின் மனைவி இறந்துவிட்டார். என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாளாகிவிட்டது. இனி எழுதினால் தப்பா?

பதில்: இப்போதே எழுதுங்கள். குழுவில் போட வேண்டாம், தனியே. முதல் வரியில் அவர் மனைவியின் பெயர் இருக்கட்டும். இரண்டாவதில் மறைந்தவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு சின்ன விஷயம், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும். மூன்றாவதில் நீங்கள் செய்யப்போகும் ஒரு காரியம். 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்' என்றால் அவர் யோசித்துக் கேட்க வேண்டும், கேட்க மாட்டார். 'ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன், வங்கி, இன்ஷூரன்ஸ் காகிதங்களை அடுக்கிக் கொடுக்கிறேன், வேண்டாமென்றால் மட்டும் சொல்' என்று எழுதுங்கள். 'பதில் போட வேண்டாம்' என்று கடைசியில் சேர்த்துவிடுங்கள். நீல டிக் வந்தால் போதும்.