கேள்வியும் பதிலும்: கான்பூரில் உடைத்துப் போட்ட லிபரேட்டர்

திருச்சி வாசகர்: டெல்லி பாலத்தில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்தில் நான்கு என்ஜின் வைத்த அமெரிக்க குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பார்த்தேன். பெயர் லிபரேட்டர். சுதந்திரம் வாங்கின புதிதில் இவ்வளவு பெரிய விமானம் வாங்க நம்மிடம் ஏது காசு?

பதில்: காசு கொடுத்து வாங்கவே இல்லை, குப்பையிலிருந்து எடுத்தோம். (பாலம் என்பது அங்கே ஊர்ப்பெயர், ஆற்றுப்பாலம் என்று யாரும் தேட வேண்டாம்.) இரண்டாம் உலகப்போரின்போது லெண்ட்-லீஸ் என்ற, போர்த்தளவாடங்களை இரவலாகத் தரும் ஏற்பாட்டில் அமெரிக்கா பிரிட்டனுக்குக் கொடுத்த விமானங்கள் இவை. சண்டை முடிந்ததும் திருப்பிக் கொடு, இல்லையா காசைக் கொடு, அதுவும் முடியாதா உடைத்துப் போடு என்பதுதான் ஒப்பந்தம். திரும்ப எடுத்துப்போக அமெரிக்காவுக்கு விருப்பமில்லை, காசு கொடுக்கும் நிலையில் பிரிட்டன் இல்லை. அதனால் பிரிட்டிஷ்காரர்கள் கான்பூர் சகேரி விமானத்தளத்தில் மொத்தமாக நிறுத்தி, உடம்பில் ஓட்டை போட்டு, கருவிகளை அடித்து நொறுக்கி, என்ஜினுக்குள் மணலைக் கொட்டி, இனி ஒருத்தனும் பறக்கவிட முடியாது என்று உறுதி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

1948-ல் பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் விமானத் தொழிற்சாலை ஆட்கள் அங்கே போனார்கள். தேறுகிறதைப் பொறுக்கி, ஒன்றில் இல்லாததை இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டி, தற்காலிகமாக ஒட்டுப்போட்டு, பெங்களூருக்கு ஓட்டியே கொண்டுவந்துவிட்டார்கள். முழு ரிப்பேரே பெங்களூரில்தான்! ரிப்பேருக்குப் போகிற வண்டியை மெக்கானிக் ஷெட் வரை நாமே மெல்ல உருட்டிக்கொண்டு போவோமே, அந்தக் கதைதான். என்ன, தூரம் சுமார் 1,500 கிலோமீட்டர், வழியில் நின்றால் ஓரங்கட்ட இடம் கிடையாது. இப்படிச் சுமார் 40 விமானம் தேறியது. அந்த வருஷம் நவம்பரிலேயே நம் விமானப்படையின் 5-வது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) இவற்றோடு உருவானது. பிறகு 6-வது ஸ்குவாட்ரன் கடல் கண்காணிப்புக்கு வைத்துக்கொண்டது. ஓய்வு கொடுத்தது 1968-ல்தான்.

மதுரை வாசகி: வெளியிலிருந்து பார்த்தால் பெரிய மீன் மாதிரி இருக்கிறது. உள்ளே எப்படி இருக்கும்?

பதில்: வசதியை எதிர்பார்க்காதீர்கள். வயிற்றுப்பகுதி முழுக்கக் குண்டு வைக்கும் அறை, அதன் நடுவே முன்னுக்கும் பின்னுக்கும் போக ஒரு ஒடுக்கமான நடைபாதை, ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை வைத்துத்தான் போக வேண்டும். பாராசூட்டை மாட்டிக்கொண்டு அதில் போவதென்றால் பெரும்பாடு. அடுத்த முறை போனால் குண்டு அறையின் கதவைக் கவனியுங்கள். மற்ற விமானங்கள் போலக் கீழ்நோக்கித் திறக்காது, கடை ஷட்டர் மாதிரி சுருண்டு வெளிப்பக்கமாக மேலே ஏறும். காற்றை எதிர்த்துத் தொங்குகிற கதவு இல்லையே, அதனால் திறந்தாலும் வேகம் அதிகம் குறையாது. எனக்கு அந்த விமானத்திலேயே பிடித்த சங்கதி இதுதான். அப்புறம், உயரத்தில் காற்றழுத்தத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஆக்சிஜன் முகமூடியும் மின்சாரத்தில் சூடாகும் உடையும்தான் துணை. பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து வைத்துத் துப்பாக்கி பிடித்தவர்களுக்குக் குளிரில் விரல் உறைந்துபோவதெல்லாம் சாதாரணம்.

சேலம் வாசகர்: பையனைக் கூட்டிப்போக ஆசை. உள்ளே குண்டு ஏதும் மிச்சம் இருக்காதே?

பதில்: இருக்காது. தாராளமாகக் கூட்டிப்போங்கள். மூக்கு முட்டிவிடப் போகிறான், தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள் பிள்ளைகள்.

கோவை வாசகர்: நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நிறைய இருக்குமே?

பதில்: 18,000-க்கும் மேல் செய்த விமானம் இது, அமெரிக்காவில் வேறெந்த ராணுவ விமானத்தையும் இத்தனை செய்ததில்லை. ஆனால் போர் முடிந்ததும் அவர்களே உருக்கி அலுமினியம் ஆக்கிவிட்டார்கள். அதனால் முழு உருவில் இன்று நிற்பவை ரொம்பக் குறைவு, அதிலும் பல நம்முடையவை. அரிசோனாவில் பீமா அருங்காட்சியகத்தில் இருப்பது நம் விமானம். கனடாவில் ஒட்டாவாவில் இருப்பதும் நம்முடையதே, பண்டமாற்றாக அவர்கள் நமக்கு லைசாண்டர் என்ற பழைய விமானம் ஒன்றைத் தந்தார்கள். பிரிட்டன் விமானப்படை அருங்காட்சியகத்துக்கும் 1974-ல் ஒன்றைக் கொடுத்தோம். அவர்கள் உடைத்துப் போட்டுவிட்டுப் போன வகை விமானம், இங்கிருந்து பறந்தே போய் அவர்கள் மண்ணில் இறங்கியது.