கராத்தேயோடு ஜூடோவும் கற்கலாமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் கராத்தே கற்கிறேன், பச்சை பெல்ட். ஜூடோவிலும் சேர ஆசை. ஆனால் ‘கலந்தால் இரண்டும் கெடும்’ என்கிறார் மாஸ்டர். உண்மையா?

பதில்: கெடாது. 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோவே அதற்கு முன் ஜூஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையில் இரண்டு மரபுகளைக் கற்றவர்தான். கராத்தே எட்ட நின்று அடிப்பது, ஜூடோ சட்டையைப் பிடித்து வீழ்த்துவது. அதனால் பெரிய மோதல் இல்லை. கராத்தேயோடு பாக்சிங்கைச் சேர்த்தால்தான் சிக்கல். கராத்தே அடிப்படைப் பயிற்சியில் ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்புக்குப் போகும். பாக்சிங்கில் அந்தக் கை தாடையை விட்டு இறங்கவே கூடாது.

ஜூடோவில் முதல் ஆறு வாரம் விழ மட்டும் பழகுங்கள். பின்பக்கம் விழும்போது கண் பெல்ட் முடிச்சைப் பார்க்கட்டும். தாடை தானாக நெஞ்சோடு ஒட்டும், பின்மண்டை தப்பும். கைகளை உடம்பிலிருந்து 45 டிகிரிக்குள் வைத்து, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே நேரத்தில் மேட்டில் (தரை விரிப்பில்) தட்டுங்கள். பயத்தில் கையை ஊன்றினால் மணிக்கட்டோ காரை எலும்போ உடையும். இது கைவராமல் யாரும் உங்களைத் தூக்கி எறிய விடாதீர்கள். இன்னொன்று, கராத்தேயில் கால்களை முன்பின்னாக அகல வைக்கும் நீண்ட ஸ்டான்ஸோடு மேட்டில் நிற்காதீர்கள். எடை முழுவதும் முன்காலில் இருந்தால் ஒரே தட்டில் கால் வாரிவிடுவார்கள்.

வாரத்தில் கராத்தே இரண்டு நாள், ஜூடோ ஒரு நாள் போதும். கடுமையான ஸ்பாரிங்கை (பயிற்சிச் சண்டையை) அடுத்தடுத்த நாளில் வைக்காதீர்கள்.

எட்டு வாரத்துக்குள் கராத்தே கிரேடிங்கோ (பெல்ட் தேர்வோ) போட்டியோ இருந்தால் மட்டும் ஜூடோவைத் தள்ளிப்போடுங்கள். ‘ஒரு நாள்தானே’ என்று போகாதீர்கள். பிடித்து இழுத்து இறுகிய விரலும் முன்கையும் மறுநாள் குத்தின் வேகத்தைக் குறைக்கும். விரல் சுளுக்கினால் முஷ்டியே சரியாக மூடாது. கிரேடிங் முடிந்த மறுவாரமே சேரலாம்.

‘ஒரே கட்டணம், ஒரு வருடத்தில் இரண்டு கருப்பு பெல்ட்’ என்று இழுக்கும் தரகர்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். கொரியக் கலையான தேக்வாண்டோவின் டான் (கருப்பு பெல்ட் நிலை) சான்றிதழ் என்றால், சியோலில் உள்ள தேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் தரும் எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். கராத்தேயில் எல்லாப் பாணிக்கும் பொதுவான ஒரே சான்றமைப்பு கிடையாது. சங்கம் உடைந்து சங்கம், ஆளுக்கொரு முத்திரை. இத்தனை காலமாகியும் இது சீராகவில்லை. பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். முதல் நாள் வந்தவரையே தூக்கிப் போடுகிறார்கள் என்றால், அங்கே சேராதீர்கள்.