கேட்டால் சொல்வேன்: பேனா நண்பர் வீட்டுக்குக் குடும்பத்தோடு

கேள்வி: பள்ளியில் ஒரு படிவம் நிரப்பி அனுப்பியதில் பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் எனக்கொரு பேனா தோழி கிடைத்தாள். பிள்ளை குட்டி எடுத்த பிறகும் கடிதம் நிற்கவில்லை. ஜூன் கடைசியில் ஜெர்மனியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். கணவரும் பத்து வயதுப் பேரனும் கூட வருகிறார்கள். அப்படியே அவளையும் பார்த்துவிட ஆசை. "முன்னே பின்னே தெரியாதவங்க வீட்டுல போய் என்ன பண்றது?" என்கிறார் கணவர். அவளோ தன் வீட்டிலேயே தங்கச் சொல்கிறாள். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், பேச்சில் திக்கும். என்ன கொண்டுபோகலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே தங்காதீர்கள்.

உங்கள் படிவம் துர்க்குவிலிருந்தே வந்ததாக இருக்கலாம். 'இன்டர்நேஷனல் யூத் சர்வீஸ்' என்ற அமைப்பு 1952 முதல் 2008 வரை அந்த ஊரில் இருந்துகொண்டுதான் உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேனா நண்பர் பிடித்துக் கொடுத்தது. டீச்சராக இருந்தபோது அந்தப் படிவத்தை நானும் வகுப்பில் கொடுத்திருக்கிறேன். 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தபால்தலை சேகரிப்பு என்றே எழுதுவார்கள், ஒரு தபால்தலைகூட இல்லாதவர்கள் உட்பட.

உங்கள் கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவள் உங்களுக்குத்தான் தோழி. அவருக்கும் பேரனுக்கும் அவள் வெறும் வெளிநாட்டு அம்மா. என்னுடைய ஜப்பான் சிநேகிதி கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆண்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர் அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், மக்கர் பண்ணிக்கொண்டிருந்த மோட்டார் பம்பைக் காட்டினார். இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பிரித்து மாட்டிவிட்டுக் கை முழுக்க கிரீஸோடு சிரித்துக்கொண்டே வந்தார்கள். எல்லார் வீட்டிலும் பம்பு மக்கர் பண்ணாதே! அதனால் துர்க்குவில் ஹோட்டலில் அறை போடுங்கள். முதல் நாள் காலை நீங்கள் மட்டும் தோழியோடு இருங்கள். தாத்தாவும் பேரனும் துர்க்கு கோட்டையைப் பார்க்கட்டும். 13ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது, சுற்றிவரவே அரை நாள் பிடிக்கும். அவுரா ஆற்றைக் கடக்க 'ஃபோரி' என்ற குட்டிப் படகு இருக்கிறது, காசு கிடையாது. பேரன் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அலுக்கும்வரை போய்வரலாம். மதியத்துக்கு மேல் எல்லோருமாக அவள் வீட்டில் காபி குடியுங்கள். அதற்குள் உங்களுக்கும் கூச்சம் போயிருக்கும்.

பேச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். அவளுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. பேச்சின் நடுவே சும்மா இருப்பது அந்த ஊர்க்காரர்களுக்குச் சங்கடமும் இல்லை. நாம்தான் எதையாவது சொல்லி இடைவெளியை நிரப்பப் பார்ப்போம். அவளுடைய பழைய கடிதங்களில் நாலைந்தை எடுத்துப்போங்கள், பேச்சு தானாக வரும்.

தேதியைக் கொஞ்சம் பாருங்கள். ஜூன் 20க்கும் 26க்கும் இடையில் வரும் சனிக்கிழமை அவர்களுக்கு 'யுஹானுஸ்' என்ற நடுக்கோடைப் பண்டிகை. வெள்ளிக்கிழமையே பல கடைகளை மூடிவிட்டு ஊரே ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடும். குடிலுக்கு அழைத்தால் சரி என்று சொல்லுங்கள், ஆனால் போகுமுன் கழிப்பறை எப்படி என்று கேட்டுவிடுங்கள். பல குடில்களில் அது வெளியே தனியாக இருக்கும், குழாய்த் தண்ணீரும் இருக்காது. கொசு மருந்து அவசியம். சானா என்ற வெந்நீராவிக் குளியலுக்குக் கூப்பிட்டால் பெண்கள் தனியாகத்தான் போவார்கள். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செருப்பை வாசலில் விடுவது நம் வீட்டு வழக்கம்தான்.

கொண்டுபோக ஏலக்காயை விட நல்லது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. காபியோடு அவர்கள் தின்னும் 'புல்லா' என்ற இனிப்பு ரொட்டியில் ஏலக்காய்தான் பிரதானம். உங்கள் ஊரிலிருந்து போடி என்ன தூரம்? நல்ல பச்சை ஏலக்காயாகக் கால் கிலோ வாங்குங்கள். கூடவே ஒரு சின்னாளப்பட்டி சுங்குடி. மாம்பழம், கறிவேப்பிலை, நெய் மூன்றும் வேண்டாம். ஐரோப்பிய எல்லையில் பிடுங்கிக்கொள்வார்கள்.

விசா ஒன்றே போதும். ஜெர்மனியில்தான் அதிக நாள் என்பதால் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை ஜெர்மனியிடம் வாங்குங்கள், அதிலேயே பின்லாந்தும் அடங்கும். துர்க்கு நாட்களையும் பயணத் திட்டத்தில் எழுதுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். ஹெல்சிங்கியிலிருந்து துர்க்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்.

கேள்வி: என் 14 வயது மகளுக்கு இணையம் வழியாக சிங்கப்பூரில் ஒரு தோழி. விடுமுறைக்கு அங்கே போகும்போது சந்திக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். விடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் நீங்கள் அந்தப் பெண்ணின் அம்மாவோடோ அப்பாவோடோ வீடியோவில் பேசுங்கள். அவர்கள் பேச மறுத்தாலோ, 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டாலோ சந்திப்பே கிடையாது. மகள் அழுதாலும் சரி. பேசிவிட்டார்கள் என்றால் தாவரவியல் பூங்காவில் பகல் நேரத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சந்தியுங்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. பிள்ளைகள் நடந்துகொண்டே பேசட்டும். நீங்கள் பத்தடி பின்னால் வாருங்கள், மகள் முறைத்தால் பதினைந்தடி.

கேள்வி: இப்போது பேனா நண்பர் கிடைப்பார்களா?
- மாணவி, பாளையங்கோட்டை

பதில்: கிடைப்பார்கள். 2005இல் போர்ச்சுகலில் தொடங்கிய 'போஸ்ட்கிராஸிங்' இருக்கிறது. யாரோ ஒருவருக்கு நீ அஞ்சலட்டை அனுப்பினால், உலகின் இன்னொரு மூலையிலிருந்து வேறு யாரோ உனக்கு அனுப்புவார்கள். பிடித்துப்போனால் கடிதமாகத் தொடரலாம். டென்மார்க்குக்கு எழுதினால் பொறுமை வேண்டும். அந்த நாட்டு அஞ்சல் நிறுவனம் 2025 கடைசியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது, இப்போது தனியார்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். முகவரி கொடுக்கும்முன் வீட்டில் சொல்லிவிடு.

கேள்வி: நான்கு வருடமாகப் பதில் போடாத நண்பர் இருக்கும் ஊருக்கே போகிறோம். வீட்டுக் கதவைத் தட்டலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தட்டாதீர்கள். எந்தத் தேதிகளில் அந்த ஊரில் இருப்பீர்கள், எந்த ஹோட்டல், எந்த நம்பர் என்று ஒரு அட்டையில் எழுதி, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். வர நினைத்தால் அவரே வருவார். குடும்பத்திடம் அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் வழியெல்லாம் "எப்போ வருவார்?" என்று கேட்டே உயிரை எடுத்துவிடுவார்கள்.