ஆச்சியோடு தீம் பார்க் போக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம். எனக்கு 46 வயது. கணவர் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகளுக்கு 13, மகனுக்கு 9. என் அம்மாவுக்கு 74 வயது, எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதால் வீட்டுக்குள் வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். காலாண்டு விடுமுறைக்கு சென்னையில் தீம் பார்க் போகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அதற்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. டிராவல்ஸில் 68,000 ரூபாய் கேட்கிறார்கள், நோ காஸ்ட் இஎம்ஐயும் உண்டாம். கையில் 30,000 இருக்கிறது. "ஏட்டி, போஸ்ட் ஆபீஸ்ல கிடக்கிற என் பணத்தை எடு" என்கிறார் அம்மா. சீனியர் சிட்டிசன் திட்டத்தில் அவர் பெயரில் 4 லட்சம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. கணவரோ, "ரைடு ஏற முடியாதவங்களுக்கு எதுக்கு டிக்கெட்? மூணு நாளைக்கு ஆள் வச்சிட்டுப் போவோம்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த 4 லட்சத்தைப் பார்ப்போம். அதில் கை வைக்காதீர்கள். இந்தத் திட்டத்தில் வேண்டிய அளவு மட்டும் பிய்த்து எடுக்க முடியாது, கணக்கையே முடிக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் முடித்தால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். அதாவது 6,000 ரூபாய். 8.2 சதவீத வட்டியில் அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,200 ரூபாய் வருகிறது. மாத்திரைக்கும் கல்யாண வீட்டு மொய்க்கும் உங்களிடம் கை நீட்டாமல் அவர் செலவழிப்பது அந்தப் பணத்தில்தான். தன் பங்குக்கு ஏதாவது தந்தே தீருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அந்த வட்டியிலிருந்து ஒரு வேளைச் சாப்பாட்டை அவர் வாங்கித் தரட்டும்.

நோ காஸ்ட் இஎம்ஐயில் செலவே இல்லை என்று நம்பிவிடாதீர்கள். பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு தீபாவளி வேறு வரும். வேண்டாம்.

ஊரையே மாற்றிப் பாருங்களேன். சென்னை உங்களுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். செங்கோட்டை, புனலூர், கோட்டயம் வழியாகக் கொச்சி சுமார் 250 கிலோமீட்டர்தான். கொச்சிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரையில் இருக்கிற வொண்டர்லா தீம் பார்க் 2000-லேயே வீகாலேண்ட் என்ற பெயரில் வந்தது. பிள்ளைகளுக்கு அங்கே ஒரு முழு நாள் போதாது. ஓணம் சமயத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

எப்படிப் போவது? ரயில் என்றால் பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் அது நம் பக்கம் நடுராத்திரியை ஒட்டித்தான் வரும். அம்பையில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் வாக்கரோடு ஒருவரைத் தூக்கி ஏற்றி, இருட்டில் பெர்த் தேடி, அப்புறம் ஓடுகிற வண்டியில் பாத்ரூமுக்கும் கூட்டிப்போக வேண்டும். இந்தப் பயணத்தில் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யலாம் என்றால் அது காருக்குத்தான். அதிகாலையில் கிளம்புங்கள். ஆச்சி கேட்ட இடத்தில் நிறுத்தி, காலை நீட்டி மடக்க விட்டுப் போனால் மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடலாம். வண்டி பேசும்போதே கேரளா பர்மிட் யார் கட்டுவது, டிரைவர் பேட்டா எவ்வளவு என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். புளியரை செக்போஸ்ட்டில் நின்று பேசுகிற விஷயம் இல்லை அது.

பணம் இடித்து ரயில்தான் என்று ஆனால், நெல்லை ஜங்ஷனுக்கு வந்து ஏறுங்கள். ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட் எடுக்காதீர்கள். கீழ் பெர்த்துக்கு என்று இருக்கிற தனி கோட்டாவில் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான் போகலாம். 45 வயது தாண்டிய பெண்களுக்கும் அது உண்டு என்பதால் நீங்களும் அம்மாவும் ஒரு டிக்கெட், மற்ற மூவரும் இன்னொரு டிக்கெட். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என் கணக்கு இப்படிப் போகிறது. மூன்று நாள் காருக்கு, 700 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று வைத்து, பேட்டா, பர்மிட், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 16,000. இரண்டு ரூம், இரண்டு ராத்திரி, ரூமுக்கு 2,500 என்றால் 5 சதவீத ஜிஎஸ்டியோடு 10,500. பார்க் டிக்கெட் ஆளுக்கு 1,500 வீதம் 7,500. சாப்பாடு 7,500. வீல்சேர் வாடகை 1,000. தண்ணீர் ரைடுகளுக்கான உடை, லாக்கர் 1,500. மொத்தம் 44,000 வருகிறது. அவசரத்துக்கு 6,000 சேர்த்தால் 50,000. உங்களிடம் இருப்பது போக 20,000 வேண்டும். இந்த மாதமே பேங்கில் ஆறு மாத ஆர்டி ஒன்று, மாதம் 3,400 ரூபாய்க்குத் தொடங்கிவிடுங்கள். வட்டி சொற்பம்தான். ஆனால் நடுவில் எடுத்துச் செலவழிக்கக் கை போகாது. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி ஐந்து வருடத்துக்கானது, இதற்குச் சரிவராது.

உடைக்கு எதற்குப் பணம் என்று கேட்பீர்கள். தண்ணீர் ரைடுகளில் நைலான், பாலியெஸ்டர் மாதிரித் துணிக்குத்தான் அனுமதி, காட்டனோடு விடமாட்டார்கள். அங்கே போய் வாங்குவதைவிட ஊரிலேயே வாங்கினால் மலிவு. வெளிச் சாப்பாடும் உள்ளே கொண்டுபோக முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் என்ன கொண்டுவரலாம் என்று முன்னாலேயே போன் போட்டுக் கேளுங்கள். வீல்சேர் உள்ளேயே கிடைக்குமா, உட்கார நிழலான இடம் எங்கே, வெஸ்டர்ன் டாய்லெட்டில் பிடிமானக் கம்பி உண்டா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

வீல்சேரைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வாடகைக்கு எடுங்கள். "நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாவ" என்று உட்கார மறுக்கிற ஆச்சிகள் நம் ஊரில் அதிகம். ஒரு சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் பழக்குங்கள். மடித்த வீல்சேரும் வாக்கரும் உங்கள் பெட்டிகளும் டிக்கியில் கொள்ளுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கொள்ளாவிட்டால் மேலே கேரியர் உள்ள வண்டியாகப் பேசுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் கணக்குத் தப்பில்லை. ஆள் வைத்தால் ஒரு நாளைக்கு 1,000 என்றாலும் 3,000-த்தோடு முடிந்துவிடும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அம்மா. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அவரிடமே கேளுங்கள். வரமாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். வருகிறேன் என்றால், பார்க்கை மட்டும் அவருக்கான பயணமாக நினைக்காதீர்கள். மூன்றாம் நாள் காலையில் கொச்சி வாட்டர் மெட்ரோவில் கூட்டிப்போங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கியது. படகின் தளமும் ஏறுகிற மேடையும் ஒரே மட்டத்தில் நிற்பதால் வீல்சேரை அப்படியே உருட்டிக்கொண்டு ஏறிவிடலாம். டிக்கெட் 20 ரூபாயிலிருந்து. அவர் ஏறுகிற ரைடு அதுதான். என்னைக் கேட்டால் அந்த நாளின் மலிவான, நல்ல செலவும் அதுதான்.

பார்க் டிக்கெட்டை நான்கு பேருக்கு மட்டும் ஆன்லைனில் எடுங்கள். அம்மாவுக்குக் காலையில் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கவுண்டரில் எடுத்துக்கொள்ளலாம். முன்பதிவுச் சலுகை போனால் போகட்டும். அவர் ரூமிலேயே இருந்தால் உங்களில் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டிவரும், மத்தியானத்துக்கு மேல் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒரு தடவை வெளியே வந்தவரை அதே டிக்கெட்டில் திரும்ப விடுவார்களா என்று கேட்காமல் அந்தத் திட்டம் போடாதீர்கள்.

கணவருக்குச் சம்பளத்தில் எல்டிஏ, அதாவது விடுமுறைப் பயணப்படி இருந்து, பழைய வரி முறையில் இருந்தால் போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் விலக்குக் கேட்கலாம். ஆனால் மாமியார் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ரூம் போடும்போது லிஃப்ட் இருக்கிறது என்ற பேச்சை நம்பாமல் தரைத்தளத்திலேயே கேளுங்கள். வாசலில் எத்தனை படி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை ரத்து செய்தாலும் முழுப் பணம் திரும்பக் கிடைக்கிற ரூமுக்கு இருநூறு முந்நூறு கூடக் கொடுக்கலாம். அம்மாவின் முழங்கால் எந்த வாரம் வீங்கும் என்று யாருக்குத் தெரியும்?