சரக்கு வேறு, பில் வேறு: வாசகர் கேள்வி – பதில்

கொள்முதல், விற்பனை, ஸ்டாக் கணக்கு பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில். உதாரணங்களில் வரும் தொகைகள் வெறும் எண்கள்தான், வரியையும் சேர்க்கவில்லை.

கேள்வி: சரக்கு மாதக் கடைசியில் இறங்கிவிட்டது. சப்ளையரின் பில் அடுத்த மாதம் 5ஆம் தேதிதான் வந்தது. கொள்முதலை எந்த மாதத்தில் காட்டுவது?

சரக்கு இறங்கிய மாதத்தில். பில் என்பது பணம் கேட்கும் தாள். சரக்கு வந்ததற்குச் சாட்சி, குடோனில் எண்ணிப் பார்த்துப் போடும் சரக்கு வரவுச் சீட்டு, அதாவது ஜி.ஆர்.என்.

பில் இல்லாமல் சப்ளையர் கணக்கில் எப்படி வரவு வைப்பது என்று தயங்குகிறவர்கள் உண்டு. அங்கே வைக்க வேண்டாம். 'பில் வராத கொள்முதல்' என்று இடையில் ஒரு கணக்கு திறந்துகொள்ளுங்கள். ஒன்று 40 வீதம் 200 வந்தால், ஜி.ஆர்.என். தேதியில் ஸ்டாக் கணக்குப் பற்று 8,000, பில் வராத கொள்முதல் வரவு 8,000. விலையைப் பர்ச்சேஸ் ஆர்டரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பில் வந்ததும் அந்த இடைக் கணக்குப் பற்று, சப்ளையர் வரவு. கணக்கு நேராகிவிடும்.

பில்லில் விலை 41 என்று வந்து, அதை நீங்களும் ஒப்புக்கொண்டால் வித்தியாசம் 200. இதை அப்படியே ஸ்டாக்கில் ஏற்றுவதுதான் வழக்கமான தவறு. அதற்குள் 150 எண்ணம் விற்றுப் போயிருந்தால், அந்த வித்தியாசத் தொகையில் 150, விற்ற சரக்கின் அடக்கத்துக்குப் போக வேண்டும். குடோனில் இருக்கும் 50க்கு உரிய 50 மட்டும் ஸ்டாக்கில் சேரும்.

இந்த இடைக் கணக்கை மாதந்தோறும் வரி வரியாகப் பாருங்கள். வரவு நிலுவை என்றால் சரக்கு வந்தது, பில் வரவில்லை. பற்று நிலுவை என்றால் பில் வந்தது, சரக்கு வரவில்லை, அல்லது வந்தும் ஜி.ஆர்.என். போடவில்லை. மூன்று மாதமாக அசையாத வரி இருந்தால் சப்ளையருக்கே போன் போட்டுவிடுவது நல்லது.

பில்லுக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும்? மாதக் கடைசியில் எண்ணும்போது அந்த 200 இறுதி இருப்பில் வந்துவிடும், கொள்முதலில் வராது. லாபம் 8,000 கூடுதலாகத் தெரியும். அடுத்த மாதம் அதே 8,000 நஷ்டமாகத் திரும்பி வரும்.

கேள்வி: 100 ஆர்டர் செய்தோம். 96 வந்தது, அதிலும் 2 உடைசல். பில் 100க்கு வந்திருக்கிறது. பில்லிலேயே அடித்துத் திருத்தி 94க்குப் பணம் கொடுத்துவிடலாமா?

பணம் 94க்குத்தான். ஆனால் பில்லில் பேனா வைக்காதீர்கள். அது சப்ளையரின் ஆவணம். அவர் பேரேட்டில் 100 என்றுதான் நிற்கும். நீங்கள் 94 என்று பதிந்தால் வருடக் கடைசியில் இரு தரப்பு நிலுவையும் ஒத்துப்போகாது.

ஜி.ஆர்.என்.னில் இரண்டு எண்கள் தனித்தனியாக வேண்டும்: வந்தது 96, ஏற்றது 94. ஒரே கட்டத்தில் 94 என்று எழுதிவிட்டால், உடைந்த 2 எங்கே போயிற்று என்பதற்குப் பதில் இருக்காது. அந்த இரண்டையும் திருப்பி அனுப்பும்போது அதற்கென்று ஒரு சீட்டு. பில்லை 100க்கே பதிந்து, குறைவு 4, உடைசல் 2 என்று காரணத்தோடு 6க்கு டெபிட் நோட், அதாவது 'உங்களுக்குத் தர வேண்டியதில் இவ்வளவு கழிக்கிறோம்' என்ற சீட்டு, போடுங்கள். சப்ளையர் தன் பக்கம் 6க்குக் கிரெடிட் நோட், அதாவது 'நீங்கள் தர வேண்டியதில் இவ்வளவு குறைத்துவிட்டேன்' என்ற சீட்டு, அனுப்புவார். அது வரும்வரை டெபிட் நோட்டை மூடாதீர்கள்.

பலரும் மறப்பது பர்ச்சேஸ் ஆர்டரை. அதில் இன்னும் 6 பாக்கி நிற்கிறது. மாற்றுச் சரக்கு வருமென்றால் திறந்தே இருக்கட்டும். வராதென்றால் மூடிவிடுங்கள். மூடாவிட்டால் 'வரவேண்டிய சரக்கு 6' என்று அறிக்கை காட்டிக்கொண்டே இருக்கும். அதை நம்பி அடுத்த ஆர்டரைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள்.

ஆர்டர், ஜி.ஆர்.என்., பில் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு மும்முனை ஒப்பீடு என்று பெயர். எண்ணிக்கைக்கு ஜி.ஆர்.என்., விலைக்கு ஆர்டர். பில் இந்த இரண்டோடும் ஒத்துப்போக வேண்டும். ஒப்பீட்டில் அதிகம் உதைப்பது அலகு. ஆர்டர் பெட்டிக் கணக்கில் இருக்கும், குடோனில் உதிரியாக எண்ணுவார்கள். பெட்டிக்கு 12 என்றால் 10 பெட்டி 120. அதை 10 என்றே ஏற்றிவிட்டால் ஒன்றின் அடக்கம் பன்னிரண்டு மடங்காகிவிடும். இன்னொன்று, ஒரே பில்லை 0457 என்று ஒரு முறை, 457 என்று ஒரு முறை பதிந்து இரண்டு தடவை பணம் கொடுப்பது. பில் எண்ணை எப்படித் தட்டுவது என்பதற்கு ஒரே முறையை எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: புரொஃபார்மா இன்வாய்ஸை விற்பனையில் பதியலாமா?

கூடாது. சரக்கு கொடுக்குமுன் 'இவ்வளவு ஆகும்' என்று காட்ட அனுப்பும் மாதிரி பில் அது. பெயரில் இன்வாய்ஸ் இருக்கிறதே தவிர, விலைப்புள்ளிக்கு அண்ணன், அவ்வளவுதான். விலைப்புள்ளி, சேல்ஸ் ஆர்டர், புரொஃபார்மா எதற்கும் பேரேட்டில் என்ட்ரி கிடையாது. புரொஃபார்மாவைப் பார்த்து வாடிக்கையாளர் முன்பணம் அனுப்பினால் அந்தப் பணத்துக்கு மட்டும் என்ட்ரி உண்டு. அதுவும் விற்பனையாக இல்லை. சரக்கு கொடுக்கும்வரை அது உங்கள் கடன்.

கேள்வி: எங்கள் மென்பொருளில் சில பொருட்களுக்கு ஸ்டாக் மைனஸில் போகிறது. சரக்கு வந்ததும் சரியாகிவிடுகிறதே, அப்படியே விடலாமா?

எண்ணிக்கை சரியாகிவிடும். மதிப்பு சரியாகாது. சராசரி விலை முறை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கையில் 10 இருக்கிறது, ஒன்று 50. மொத்தம் 500. புதிதாக 20 வந்து இறங்குகிறது, ஒன்று 60, ஆனால் ஜி.ஆர்.என். இன்னும் போடவில்லை. அதற்குள் 15 விற்று பில் போட்டாயிற்று. மென்பொருளுக்குத் தெரிந்த விலை 50 மட்டும். எனவே விற்ற அடக்கம் 750 என்று எழுதிக்கொள்கிறது. மீதி மைனஸ் 5, மதிப்பு மைனஸ் 250. மாலையில் ஜி.ஆர்.என். போடுகிறீர்கள், 1,200 சேருகிறது. இப்போது இருப்பு 15, மதிப்பு 950. ஒன்றின் சராசரி 63.33.

நீங்கள் வாங்கியதே 50க்கும் 60க்கும்தான். 63 எங்கிருந்து வந்தது? வரவை முதலில் பதிந்திருந்தால் 30க்கு 1,700, சராசரி 56.67. விற்ற 15க்கு 850, மீதி 15க்கு 850. ஆக, அடக்கத்தில் போக வேண்டிய 100 ஸ்டாக்கில் ஒட்டிக்கொண்டது. லாபமும் 100 கூடுதல். சில மென்பொருள்கள் வரவு வந்ததும் பழைய விற்பனையின் அடக்கத்தைத் திரும்பக் கணக்கிடும்; சில கணக்கிடாது. உங்களுடையது எந்த வகை என்று மேலே உள்ள எண்களையே ஒரு சோதனைப் பொருளில் போட்டுப் பாருங்கள்.

இதைவிட விநோதம் ஒன்று உண்டு. மைனஸ் 5 இருக்கும்போது சரியாக 5 மட்டும் 60க்கு வந்தால், எண்ணிக்கை பூஜ்யம், மதிப்பு 50! குடோனில் இல்லாத சரக்குக்கு ஐந்தொகையில் ஒரு மதிப்பு உட்கார்ந்திருக்கும். மாதம் ஒரு முறை, எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தும் மதிப்பு பூஜ்யமாகாத பொருட்களைப் பட்டியல் எடுங்கள்.

மைனஸ் கண்டால் ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் போட்டு நேராக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். விட்டுப்போன ஜி.ஆர்.என். நாளைக்கு யாரோ ஒருவர் கையில் கிடைக்கும், அவரும் பதிவார், சரக்கு இரட்டிப்பாகிவிடும். முதலில் பதியாத வரவு, பிறகு தவறான பொருள் குறியீடு, பிறகு அலகு என்ற வரிசையில் தேடுங்கள். மைனஸ் விற்பனையையே தடுக்கும் வசதி மென்பொருளில் இருந்தால் போட்டுவிடுவதே என் கட்சி. பில் போடுகிறவர் முணுமுணுப்பார். ஆனால் ஜி.ஆர்.என். அன்றன்றைக்கு வந்துவிடும்.

கேள்வி: ஒரே வண்டியில் இரண்டு வகைச் சரக்கு வந்தது. வண்டி வாடகையை எப்படிப் பிரிப்பது? செலவுக் கணக்கில் எழுதிவிட்டால் போதாதா?

சரக்கைக் கொண்டுவரும் வாடகை, ஏற்று இறக்குக் கூலி, திரும்பக் கிடைக்காத இறக்குமதி வரி எல்லாம் கொள்முதல் அடக்கத்தில் சேரும் என்பதே சர்வதேசக் கணக்கியல் தரம் ஐ.ஏ.எஸ். 2 சொல்வது. வியாபாரத் தள்ளுபடியை அதிலிருந்து கழிக்க வேண்டும். விற்பதற்கு ஆகும் செலவு இதில் வராது.

பிரிப்பதில்தான் வில்லங்கம். வாடகை 600. முதல் சரக்கு 100 எண்ணம், மதிப்பு 9,000, எடை 100 கிலோ. இரண்டாவதும் 100 எண்ணம்தான், ஆனால் மதிப்பு 1,000, எடை 500 கிலோ. மதிப்பின்படி பிரித்தால் இரண்டாவதற்கு 60 மட்டும். ஒன்றின் அடக்கம் 10.60. எடையின்படி பிரித்தால் 500, அடக்கம் 15. அதை 14க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் லாபம், இரண்டாவதில் நஷ்டம். வண்டிக்காரர் எடைக்கு வாடகை வாங்கியிருந்தால் எடையின்படி பிரிப்பதுதான் உண்மைக்குப் பக்கம். பஞ்சு மாதிரி இடத்தை அடைக்கும் சரக்கானால் கன அளவு. காப்பீட்டை மட்டும் மதிப்பின்படி பிரியுங்கள்; பிரீமியம் மதிப்பைப் பார்த்துத்தானே போடுகிறார்கள்.

கேள்வி: ஸ்டாக் எண்ணும்போது ஒவ்வொரு முறையும் வித்தியாசம் வருகிறது. திருட்டா?

இருக்கலாம். ஆனால் அது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும்.

எண்ணத் தொடங்குமுன் கடைசியாகப் போட்ட ஜி.ஆர்.என். எண்ணையும் கடைசி டெலிவரி நோட் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை உள்ளவை கணக்கில் ஏறியிருக்க வேண்டும். அதற்குப் பின்னால் உள்ளவை ஏறக்கூடாது. வித்தியாசங்களில் பெரும்பங்கு இந்த எல்லைக் கோட்டில்தான் பிறக்கிறது. எண்ணுகிறவர் கையில் புத்தக இருப்பு அச்சடித்த தாளைக் கொடுக்காதீர்கள். 48 என்று எழுதியிருந்தால் அலமாரியில் 46 இருந்தாலும் கண்ணுக்கு 48 தெரியும்.

பிறகு, யாருடைய சரக்கு என்ற கேள்வி. விற்றுத் தரச் சொல்லி அடுத்தவர் வைத்துப் போனது, பழுது பார்க்க வந்தது இதெல்லாம் உங்கள் குடோனில் இருந்தாலும் உங்களுடையதல்ல. மாறாக, மாதிரிக்காக வெளியே கொடுத்தது, அடுத்தவர் கடையில் விற்பனைக்கு வைத்தது உங்களுடையது. கப்பலில் ஏற்றும்வரைதான் விற்பவர் பொறுப்பு என்ற எஃப்.ஓ.பி. நிபந்தனையில் வாங்கி, கப்பலில் ஏற்றியாகிவிட்ட சரக்கும் பொதுவாக அப்படித்தான். கடலில் இருந்தாலும் உங்கள் இருப்பு.

ஒரு குறியீட்டில் 12 குறைவு, அதன் பக்கத்துக் குறியீட்டில் 12 அதிகம் என்றால் திருட்டில்லை. அளவோ நிறமோ மாற்றி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாக அட்ஜஸ்ட் செய்யாமல் ஒரே மாற்றுச் சீட்டில் நேராக்குங்கள்.

கேள்வி: லிஃபோ முறையில், அதாவது கடைசியில் வந்தது முதலில் போவதாக வைத்து, ஸ்டாக் மதிப்பிடலாமா?

ஐ.ஏ.எஸ். 2 பின்பற்றுகிறவர்களுக்கு முடியாது. 2003இல் திருத்தும்போது அதை நீக்கிவிட்டார்கள். திருத்தம் 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் வந்தது முதலில் போகும் ஃபைஃபோ, அல்லது சராசரி. அமெரிக்கக் கணக்கியல் விதிகளில் லிஃபோ இன்னும் உண்டு. ஐ.ஏ.எஸ். 2இன்படி ஃபைஃபோ, சராசரி எதை எடுத்தாலும், செலவு போக விற்றுக் கிடைக்கும் தொகை அடக்கத்தைவிடக் குறைந்துவிட்டால் அந்தக் குறைந்த தொகைதான் இருப்பு மதிப்பு.

கேள்வி: வாடிக்கையாளருக்குக் கிரெடிட் நோட் போட்டால் ஸ்டாக் ஏற வேண்டுமா?

சரக்கு திரும்பி வந்தால் மட்டும். விலையில் தவறு, தரம் கொஞ்சம் குறைவு என்று விட்டுக்கொடுக்கும் கிரெடிட் நோட்டில் ஒரு பொருள்கூட அசைவதில்லை. அதை 'விற்பனைத் திருப்பம்' திரையில் போட்டால் மென்பொருள் ஸ்டாக்கை ஏற்றிவிடும். அடுத்த எண்ணிக்கையில் அது குறைவு என்று வரும்.

உண்மையாகவே திரும்பி வந்தால், முதலில் குடோனில் திருப்பு வரவுச் சீட்டு, அதன் எண்ணைக் காட்டி கிரெடிட் நோட். சரக்கு எந்த அடக்கத்தில் வெளியே போனதோ அதே அடக்கத்தில் உள்ளே வர வேண்டும். விற்ற விலையில் ஏற்றினால் கிடைக்காத லாபம் அலமாரியில் ஏறிவிடும். உடைந்தோ நனைந்தோ வந்ததை நல்ல சரக்கோடு சேர்க்காமல் தனி இடத்தில், தனிக் குறியீட்டில் வையுங்கள். அதை மறுபடி விற்க முடியுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் குடோன்காரர், கிரெடிட் நோட் போடுகிறவர் அல்ல.