வாசகர் கேள்வி: வகுப்பில் வாய் திறக்காத மகன்

கேள்வி: மகன் தமிழ்ப்பள்ளி முடித்து இப்போது பினாங்கு ஜார்ஜ்டவுனில் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 படிக்கிறான். வகுப்பில் மலாய், சீனப் பிள்ளைகளே அதிகம், இவன் யாரோடும் பேசுவதில்லை. தமிழ் வகுப்பும் இல்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

பதில்: சகோதரி, ஆறு வருஷம் தமிழில் பேசிச் சிரித்த பிள்ளை திடீரென்று பெரும்பாலான பாடங்களை மலாயில் கேட்கும்போது வாயடைத்துப் போவது இயல்புதான், அதை மந்தம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். முதலில் அவனை ஒரு விளையாட்டிலோ சாரணர் இயக்கத்திலோ சேர்த்துவிடுங்கள். பந்தைக் கேட்கவும் கூடாரக் கயிற்றைப் பிடிக்கவும் பேசித்தானே ஆகவேண்டும், மலாய் அங்கேதான் கூச்சமில்லாமல் வரும். தீபாவளிக்கு இரண்டு நண்பர்களை வீட்டுக்கு அழைக்கச் சொல்லுங்கள், முறுக்குத் தட்டு பாதி வேலையைச் செய்துவிடும்.

அப்புறம் தமிழ் வகுப்பு. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மலேசியாவின் 1996 கல்விச் சட்டப்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லாப் படிவத்திலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோரைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூலம் முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு போதாது. படிவம் 5 பொதுத்தேர்வான எஸ்.பி.எம்.மில் அவன் தமிழ் எடுக்க இப்போதே தொடங்கினால்தான் சரி.

படிவம் 3இல் எழுதிவந்த பிடி3 தேர்வை 2022இல் நிறுத்திவிட்டார்கள், அதனால் அந்தத் தேர்வு அவன் நிலையைக் காட்டாது. மாதம் ஒருமுறை வகுப்பாசிரியரைப் பார்த்துக் கேளுங்கள்.