அடிவான நிலவும் மிளகாய்க் காரமும்: புலனுணர்வு குறித்த கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் அன்பர்கள் புலனுணர்வு குறித்துக் கேட்ட கேள்விகளுக்கு, நான் படித்தும் கற்பித்தும் அறிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (உம்லாங்காவிலிருந்து ஓர் அம்மையார்): பௌர்ணமியன்று கடலிலிருந்து எழும் நிலவு தாம்பாளம்போலத் தெரிகிறது. கைபேசியில் படம் எடுத்தால் மிளகளவே விழுகிறது. ஏன் ஐயா?

பதில்: படம் பொய் சொல்லவில்லை அம்மா. நிலவு எந்நேரமும் ஏறத்தாழ அரைப் பாகை அகலத்தில்தான் நம் கண்ணில் விழுகிறது. கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் நுனியே நிலவை மறைத்துவிடும். உண்மையில், தலைக்கு மேலே இருக்கும்போதைவிட அடிவானத்தில் நிலவு புவியின் ஆரமளவு, அதாவது சுமார் 6,400 கிலோமீட்டர், கூடுதல் தொலைவில் இருப்பதால் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு சிறிதாகவே இருக்கிறது. காற்றுமண்டலம் பூதக்கண்ணாடிபோலப் பெரிதாக்குகிறது என்று இன்றும் பலர் சொல்வது தவறு. 11-ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்ஹைதம், தொலைவை மனம் கணிக்கும் முறையில் இதற்குக் காரணம் தேடினார். இடையே அலையும் கப்பலும் தெரிவதால் அடிவானத்தை வெகுதொலைவு என்று கொள்ளும் மனம், அத்தனை தொலைவிலிருந்தும் இவ்வளவு தெரிகிறதென்றால் பொருள் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டுகிறது என்பது அவர் வழிவந்த விளக்கம். ஆய்வாளர்கள் அனைவரும் இதை ஏற்கவில்லை. நானும் இதைப் பாதி விளக்கமாகவே கருதுகிறேன். ஏனெனில் கேட்டுப்பார்த்தால் பலர் அடிவான நிலவு தங்களுக்கு அருகில் இருப்பதாகவே சொல்கிறார்கள். அடுத்த பௌர்ணமியில் செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, கடலும் கரையும் மறையும்படி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பெரும்பாலோருக்கு நிலவு சட்டென்று சுருங்கிவிடும்.

கேள்வி (பீனிக்ஸிலிருந்து ஒரு மாணவர்): நம் நாட்டின் பழங்குடியினரான சூலு மக்கள் கண்மாயங்களுக்கு ஏமாறுவதில்லை என்று நண்பன் சொல்கிறான். அப்படி ஓர் ஆய்வு நடந்ததா?

பதில்: நடந்தது தம்பி, ஆனால் உங்கள் நண்பர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். அமெரிக்க உளவியலாளர்களான கோர்டன் ஆல்போர்ட்டும் தாமஸ் பெட்டிக்ரூவும் நம் மண்ணில் செய்த ஆய்வை 1957-இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் சரிவகமாக வெட்டி, சன்னல்போலத் தீட்டிய தட்டு ஒன்றை மெல்லச் சுழலவிடுவார்கள். அது ஒரே திசையில் சுற்றினாலும், பார்ப்பவருக்கு ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடுவதாகத் தோன்றும். சாய்வாகத் தெரியும் செவ்வகச் சன்னல்களையே பார்த்துப் பழகிய மனம், உயரமான ஓரத்தை எப்போதும் அருகில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வதால் இந்த மயக்கம் வருகிறது. வட்டக் குடிசைகளில், செவ்வகச் சன்னல் அரிதான சூழலில் வளர்ந்தவர்களுக்கும் இது தோன்றுமா என்பதே கேள்வி. தொலைவில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது நாட்டுப்புறச் சூலு மக்களும் நகரத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏமாந்தார்கள்; அருகில் நின்று இரு கண்ணாலும் பார்த்தபோதுதான் நாட்டுப்புறத்தார் குறைவாக ஏமாந்தார்கள். ஆகவே கண்ணின் அமைப்பில் வேறுபாடு ஏதுமில்லை. காட்சி தெளிவில்லாதபோது மனம் எதைக்கொண்டு ஊகிக்கிறது என்பதில்தான் பழக்கத்தின் கை இருக்கிறது. ஒருமுறை நானே அட்டையில் அந்தச் சன்னலை வெட்டி நூலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். முறுக்கு அவிழ்ந்து ஒரே பக்கமாகச் சுற்றுகிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், கூடத்தின் மறுகோடியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது அது ஆடத்தான் செய்தது.

கேள்வி (டோங்காட்டிலிருந்து ஒரு தோட்டக்காரர்): பகலில் பளிச்சென்றிருக்கும் செம்பருத்தி, அந்தியில் இலைகளுக்கு முன்பே கறுத்துவிடுவது ஏன்?

பதில்: பகலொளியில் விழித்திரையின் கூம்புச் செல்கள் வேலை செய்கின்றன, ஒளி குன்றியதும் பொறுப்பு கோல் செல்களுக்கு மாறுகிறது. கோல் செல்களுக்குச் சிவப்பு ஒளி அநேகமாகத் தெரியாது, நீலப் பச்சை நன்றாகத் தெரியும். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டு எழுதியது இதைத்தான்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் இளம்பெண்): கறியின் காரம் தாங்காமல் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தணிவதில்லையே ஐயா?

பதில்: அறுசுவையில் கார்ப்பையும் சேர்த்து எண்ணியவர்கள் நாம். எனினும் உடலியல்படி காரம் சுவையன்று, சூட்டுவலி. மிளகாயிலுள்ள கேப்சைசின், ஏறக்குறைய 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை அறிவிக்கும் உணர்வாங்கியைத் தூண்டிவிடுவதால், நாக்கு சுடாமலேயே சுட்டதாக மூளை நம்புகிறது. இந்த உணர்வாங்கியை 1997-இல் இனங்கண்ட டேவிட் ஜூலியசுக்கு, ஆர்டெம் பட்டபூட்டியனுடன் சேர்த்து 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை என்பதால் தயிரோ பாலோ குடியுங்கள் அம்மா. சாப்பிட்ட கையோடு சூடான தேநீரை மட்டும் எடுக்காதீர்கள். கேப்சைசின் பட்ட உணர்வாங்கி குறைந்த சூட்டுக்கே கூச்சலிடும் என்பதால், வழக்கமாகக் குடிக்கும் தேநீரே அப்போது கொதிநீராகத் தோன்றும்.